மலையேறியதும் மக்கர் செய்யும் ஆர்.வி.: கொரொனாடோ காட்டில் கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

அரிசோனாவின் டூசான் நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 2,400 அடி மேலே இருக்கிறது. அங்கிருந்து கேட்டலீனா நெடுஞ்சாலையைப் பிடித்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் 8,000 அடிக்குப் போய்விடலாம். கிளம்பும் இடத்தில் சகுவாரோ கள்ளி, போய்ச் சேரும் இடத்தில் பைன் மரம். கீழே 100 டிகிரி ஃபாரன்ஹீட் காயும் நாளில் மேலே 75 டிகிரி இருக்கும். ஆளுக்கு இது சுகம்தான். வாடகைக்கு எடுத்த ஆர்.வி.க்கும் (படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) அதிலுள்ள சாமான்களுக்கும் அப்படியில்லை. வாடகைக்குக் கொடுத்தவர் கீழே ஓட்டிக் காட்டியபோது ஒழுங்காக இருந்த ஜெனரேட்டர், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் மேலே போனதும் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும்.

கொரொனாடோ தேசியக் காடு கிட்டத்தட்ட 17.8 லட்சம் ஏக்கர். அது ஒரே பரப்பாகக் கிடக்கவில்லை. சான்டா கேட்டலீனா, சான்டா ரீட்டா, வாச்சூகா, சிரிகாவா, பினலேன்யோ என்று பாலைவனத்துக்கு நடுவே தனித்தனியாக எழும்பி நிற்கும் மலைத்தொடர்கள் அது. இவற்றில் எங்கே தங்கினாலும் சரி, ஏதாவது மக்கர் செய்தால் உடனே ஸ்பேனரைத் தேடாதீர்கள். இது கடைசியாக எந்த உயரத்தில், எந்த வெப்பத்தில் ஒழுங்காக ஓடியது என்று முதலில் யோசியுங்கள். பல கோளாறுகளுக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடுகிறது, ஏசி போட்டால் அணைந்துவிடுகிறது

சத்தத்தைக் கவனியுங்கள். சீராக உறுமாமல் அலை அலையாக ஏறி இறங்குகிறதா? புகைக்குழாயில் கறுப்புப் புகையும் வேகாத பெட்ரோல் வாடையும் வருகிறதா? அப்படியென்றால் எதுவும் உடைந்துபோகவில்லை. காற்று மெலிந்துவிட்டது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மட்டும் கீழே கொடுத்த அதே அளவு பெட்ரோலை இங்கேயும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு 1,000 அடிக்கும் இஞ்சினின் சக்தியில் சுமார் 3 சதவீதம் போய்விடும். 4,000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஜெனரேட்டர் 8,000 அடியில் 3,000 வாட் கொடுத்தாலே பெரிது. ஏசி கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் கேட்கும் மின்சாரம் அதைத் தாண்டிவிடும். ஆகவே மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஓடினால் பிரச்சினை சுமைதான். (8,000 அடியில் ஏசி எதற்கு என்பது வேறு விஷயம். ஜன்னலைத் திறந்தால் போதும்.)

சுமையே இல்லாமலும் ஏறி இறங்கினால் கார்புரேட்டர் பக்கத்தில் பாருங்கள். ஆர்.வி.யோடு வரும் பெட்ரோல் ஜெனரேட்டர்கள் சிலவற்றில் உயரத்துக்கேற்ப மாற்றும் திருகு ஒன்று இருக்கும், பக்கத்திலேயே அடிக்கணக்கு போட்டிருக்கும். நீங்கள் இருக்கும் உயரத்துக்குத் திருப்புங்கள். திரும்ப டூசானுக்கு இறங்கியதும் ஓட்டுவதற்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் கீழே பெட்ரோல் போதாமல் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகும். அந்தச் செலவு உங்கள் முன்பணத்திலிருந்துதான் போகும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள புது ஜெனரேட்டருக்கு இந்த வேலையே இல்லை. அது தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை

முதலில் எந்த வகை ஃப்ரிட்ஜ் என்று தெரிய வேண்டும். காதை வைத்துக் கேட்டால் கம்ப்ரஸரின் ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் அது 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், பிரச்சினை பேட்டரியில் இருக்கும். சத்தமே இல்லாமல் புரொப்பேன் கேஸில் ஓடுவது என்றால் இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, சாய்வு. இந்த வகை ஃப்ரிட்ஜுக்குள் திரவம் தானாக வழிந்து சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் சுற்றாது. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரைதான் பொதுவாகத் தாங்கும். மலைமேல் இருக்கும் முகாம்களில் சமதளம் அபூர்வம், அதனால் சக்கரத்துக்கடியில் வைக்கும் லெவலிங் கட்டைகளை முதல் வேலையாக எடுத்துப் போடுங்கள். சாய்ந்த நிலையிலேயே மணிக்கணக்கில் ஓடவிட்டால் குளிரூட்டும் பகுதி நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

இரண்டாவது, உயரம். சுமார் 5,500 அடிக்கு மேல் புரொப்பேன் சுடர் தள்ளாடும், அடிக்கடி அணையும். தயாரிப்பாளர்களின் கையேடுகளே அந்த உயரத்துக்கு மேல் மின்சாரத்தில் ஓட்டச் சொல்கின்றன. ஆனால் ரோஸ் கேன்யன், ஸ்பென்சர் கேன்யன் போன்ற முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. அதனால் நடைமுறைக்கு ஒத்து வருவது இதுதான்: முந்தின நாளே கீழே ஃப்ரிட்ஜை முழுக்கக் குளிரவைத்து, குளிர்ந்த சாமான்களை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு ஏறுங்கள். தயிரும் பாலும் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

இரவு ஹீட்டர் ஊதுகிறது, சூடு மட்டும் வரவில்லை

இது நள்ளிரவு தாண்டிய பிறகு வரும் புகார். ஃபேன் ஓடும், 'டிக் டிக்' என்று தீப்பொறி முயற்சி கேட்கும், பிறகு அடங்கிவிடும். புரொப்பேன் தீர்ந்துவிட்டது என்று டார்ச்சோடு வெளியே ஓடுவார்கள். அதற்கு முன் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள்.

ஹீட்டருக்குள் காற்றின் வேகத்தை உணரும் சிறு தகடு ஒன்று உண்டு. ஃபேன் போதிய வேகத்தில் சுற்றினால்தான் அது விலகி, கேஸ் வால்வைத் திறக்க விடும். பேட்டரி இறங்கியிருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தகடு அசையாது, கேஸ் வராது. நம் காதுக்கு ஃபேன் நன்றாக ஓடுவது போலத்தான் தோன்றும்.

கணக்கு எளிது. ஹீட்டர் ஃபேன் 7, 8 ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் பாதி நேரம் ஓடினாலும் எட்டு மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம். முதல் இரவு தப்பித்துவிடும். பகலில் சார்ஜ் ஏற்றாவிட்டால் இரண்டாவது இரவு கை விரித்துவிடும். 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.1 என்றால் பாதி.

மேலே சோலார் பலகை இருந்தும் ஏறவில்லையே என்பவர்கள் தலையைத் தூக்கிப் பைன் மரத்தைப் பாருங்கள். நிழல் விழுந்த பலகை வெறும் கூரைதான். லித்தியம் பேட்டரி என்றால் இன்னொன்று: அதன் வெப்பம் நீர் உறையும் அளவுக்குக் கீழே போனால் அது சார்ஜை ஏற்காது. வெயில் வந்து பேட்டரி சூடானதும் தானாகச் சரியாகும். இரவில் அவசரத்துக்கு ஜெனரேட்டர் போடலாமே என்றால், பெரும்பாலான முகாம்களில் 10 மணிக்கு மேல் அதற்கு அனுமதி இல்லை. மாலையிலேயே சார்ஜ் ஏற்றி முடித்துவிடுங்கள். போர்வை கூடுதலாக இருக்கட்டும்.

பருப்பு வேகவில்லை, சோறு நறுக்கு நறுக்கென்று இருக்கிறது

அடுப்பு பலவீனம் என்று திட்ட வேண்டாம். 8,000 அடியில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் போகும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் முழிக்கும். குக்கர் எடுத்துப் போங்கள். அது மூடிக்குள் தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் போதும். குக்கர் இல்லையா? பாசிப்பருப்புக்கு மாறுங்கள், அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, கனமான மூடி போடுங்கள். ரவை உப்புமா எந்த உயரத்திலும் கைவிடாது.

சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதும், ஷாம்பூ மூடியைத் திறந்ததும் பீய்ச்சி அடிப்பதும் இதே காற்றழுத்த விவகாரம்தான். சாமான் கெட்டுப்போகவில்லை. எண்ணெய் பாட்டிலை மட்டும் சிங்க்குக்கு மேல் வைத்து மெதுவாகத் திறங்கள்.

ஏறும்போது இஞ்சின் வெப்பமுள் மேலே போகிறது

ஏசியை அணையுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள இஞ்சின் ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வண்டிக்குள் வெந்து போவீர்கள், ஆனால் இஞ்சினின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். கியரைக் குறைத்து மெதுவாகப் போய், அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொடவில்லை என்றால் உடனே அணைக்காமல், நிறுத்தியபடி சில நிமிடம் ஓடவிடுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் உடனே அணைக்க வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. கோடையில் காலை 8 மணிக்குள் ஏறிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி வராது.

இறங்கும்போது கருகல் வாடை, பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

இந்தப் பட்டியலில் உயிர் சம்பந்தப்பட்டது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாடை மட்டும் வருகிறது, பெடல் கெட்டியாக இருக்கிறது என்றால் எச்சரிக்கை நிலை. கேட்டலீனா நெடுஞ்சாலையில் உள்ள விண்டி பாயின்ட் மாதிரி அகலமான நிறுத்தம் வந்ததும் ஒதுங்கி அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடும். கியரை பார்க்கில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள்.

பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் திரவமே கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டது என்று பொருள். பெடலைத் திரும்பத் திரும்ப அடித்து மிதியுங்கள், கியரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள், மலைச்சுவர் பக்கமாகவே வண்டியை வைத்துக்கொண்டு முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். ஆறிய பிறகு பெடல் கெட்டியாகிவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள். கொதித்த திரவத்தை நம்பி இறங்குவது சரியில்லை. வாடகை வண்டி என்றால் சாலை உதவியை அழையுங்கள்.

இந்த நிலைமை வராமல் இருக்க, விண்டி பாயின்ட் வரும் வரை காத்திராமல் மேலேயே தொடங்க வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டோ-ஹால் பட்டன் (கியரைக் குறைவாகவே பிடித்து வைப்பது) இருந்தால் அழுத்துங்கள். இஞ்சின் சத்தமாக உறுமும், உறுமட்டும். வேகம் 35 மைலைத் தொட்டால் ஒரு தடவை அழுத்தமாக மிதித்து 25க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். காலை லேசாக வைத்தபடியே வளைவு வளைவாக இறங்குகிறார்களே, அவர்களுக்குத்தான் பிரேக் சூடாகிறது. பின்னால் கார்கள் வரிசை கட்டினால் ஒதுங்கி வழி விடுங்கள், அவர்களுக்காக வேகம் கூட்ட வேண்டாம்.

இந்தக் கேட்டலீனா நெடுஞ்சாலையைப் போட்டவர்கள் கைதிகள். 1930களில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்கள் மேல் போட்ட ஊரடங்கை எதிர்த்துச் சிறை சென்ற கார்டன் ஹிராபயாஷியும் இங்குள்ள முகாமில் வேலை செய்தவர். சிறைக்கு அனுப்ப அரசிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை என்பதால் வழியில் வண்டிகளில் லிஃப்ட் கேட்டுத் தானாகவே வந்து சேர்ந்தார். அவர் மீதான தீர்ப்பு 1987இல் ரத்தானது. பழைய சிறை முகாம் இருந்த இடம் இப்போது அவர் பெயரில் தங்குமிடம். பிரேக் ஆறும்வரை நிற்க அதுவும் நல்ல இடம்தான்.

தலைவலி

வண்டிக்குள் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலிக்கிறது, வெளியே வந்தால் குறைகிறது என்றால் உயரத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கார்பன் மோனாக்சைடு. எல்லாரையும் வெளியேற்றி, ஜெனரேட்டரையும் அடுப்பையும் அணைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். தலை சுற்றல், வாந்தி, குழப்பம் இருந்தால் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். டென்ட்டுக்குள் ஸ்டவ்வோ கரி அடுப்போ வைத்துக் குளிர் காய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஒருவருக்கு மட்டும் வலி, வெளியே வந்தும் குறையவில்லை என்றால் தண்ணீர்க் குறைவாகவோ உயரமாகவோ இருக்கும். பாலைவனக் காற்றில் வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ஓய்வும் உதவவில்லை, குமட்டலும் சேர்கிறது என்றால் இரண்டாயிரம் அடி கீழே இறங்கித் தூங்குங்கள்.

தண்ணீர் பம்ப் விட்டுவிட்டு ஓடுகிறது

குழாய் எல்லாம் மூடியிருக்கும்போதே நிமிடத்துக்கொரு தடவை 'டுர்ர்' என்றால் எங்கோ கசிவு, பெரும்பாலும் டாய்லெட் வால்வு. குழாயைத் திறந்தால் காற்றுத் துப்பினால் டேங்க் காலி, அல்லது வண்டி சாய்ந்திருப்பதால் உறிஞ்சும் வாய்க்குத் தண்ணீர் எட்டவில்லை. காலையில் மட்டும் வரவில்லை, பத்து மணிக்கு வருகிறது என்றால் ஹோஸ் உறைந்திருந்தது. முகாமில் பிடித்துக்கொள்ளலாம் என்று காலி டேங்கோடு ஏறாதீர்கள். மொலீனோ பேசின் முகாமில் குடிநீர்க் குழாயே கிடையாது.

சக்கரம் மணலில் புதைந்துவிட்டது

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போகும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வாரி எடுத்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கி, மரப்பலகையோ தரை விரிப்போ வைத்து மெதுவாக நகர்த்துங்கள். கெட்டித் தரைக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகமாக ஓட்டக் கூடாது.

நீங்கள் புதைந்த இடம் காய்ந்த ஓடைப் படுகை என்றால் வண்டியைவிட முதலில் வானத்தைப் பாருங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே பருவமழைக் காலம். மேகம் உங்கள் தலைக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. பத்து மைல் தள்ளி மலையில் கொட்டினால் போதும், வெயிலடிக்கும் படுகையில் பழுப்புத் தண்ணீர் சுவராக வரும். 2020இல் மின்னலால் தொடங்கிய பிக்ஹார்ன் தீ கேட்டலீனா மலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை எரித்தது. எரிந்த சரிவில் தண்ணீர் நிற்காது, சாம்பலும் மரக்கட்டையுமாக உருண்டு வரும். இடி கேட்டால் ஆட்களோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள், வண்டி போனால் போகட்டும். தடுப்பு வைத்த வெள்ளச் சாலையில் வண்டியை இறக்கிச் சிக்கினால் மீட்புச் செலவில் 2,000 டாலர் வரை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'.

டென்ட் ஆணி நிற்கவில்லை

மணல் என்றால் பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டிப் புதையுங்கள். பாறை என்றால் கயிற்றைக் கல்லில் சுற்றி அதன் மேல் இன்னொரு பெரிய கல். கல்லைப் புரட்டும்போது வெறுங்கை வேண்டாம், அடியில் தேள் இருக்கும். இரவில் புறஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

சோய்யா கள்ளியின் உருண்டை காலில் ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்கப் பார்க்காதீர்கள், விரலிலும் ஒட்டும். சீப்பை உள்ளே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். மிச்ச முள்ளுக்கு ட்வீசர். இதற்காகவே தலைவாரும் சீப்பு ஒன்று கையோடு இருக்க வேண்டும்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, முந்தின நாள் நன்றாக இருந்தது

பேட்டரி சரியாக இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். குச்சி, கள்ளித் துண்டு, கிழிந்த பஞ்சு கிடக்கிறதா? பேக்ரேட் என்னும் காட்டெலி குடிவந்திருக்கிறது. இஞ்சின் சூட்டுக்காக ஏறி, ஒயரைக் கடிக்கும். கடித்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஊர்வரை ஓட்டலாம், பிரேக் அல்லது பெட்ரோல் சம்பந்தப்பட்ட ஒயர் என்றால் ஓட்ட வேண்டாம். இரவு பானெட்டைத் திறந்தே வைத்தால் அது வருவது குறையும், இருட்டு மூலைதான் அதற்குப் பிடிக்கும்.

விறகு வாங்கியாகிவிட்டது, தீ மூட்டத் தடை என்கிறார்கள்

2003இல் ஆஸ்பன் தீ சம்மர்ஹேவன் கிராமத்தின் நூற்றுக்கணக்கான வீடுகளை அழித்த மலை இது. தடையில் பேரம் கிடையாது. முதல் நிலைத் தடை என்றால் முகாமுக்கென்று அமைத்த தீக்குழியில் மட்டும் மூட்டலாம், காட்டுக்குள் தனியாகத் தங்குபவர்கள் மூட்டக் கூடாது. இரண்டாம் நிலையில் முகாமிலும் கூடாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் ஸ்டவ்வுக்குப் பொதுவாக அனுமதி உண்டு. சுற்றிலும் மூன்று அடிக்குக் காய்ந்த புல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி ஆப் குறுக்குவழி காட்டுகிறது

ஆரக்கிள் ஊர்ப் பக்கமாக லெமன் மலைக்கு (கேட்டலீனா நெடுஞ்சாலை ஏறுவதும் இதே மலைக்குத்தான்) ஏறும் பாதை வரைபடத்தில் நன்றாகத்தான் தெரியும். அது மண் சாலை, உயரமான நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கானது. ஆர்.வி.யோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். திரும்ப இடம் கிடைக்காது. தார்ச்சாலை கேட்டலீனா நெடுஞ்சாலை ஒன்றுதான். பினலேன்யோவில் 10,720 அடி கிரஹாம் மலைக்குப் போகும் 366ஆம் எண் சாலையின் மேல்பகுதியை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கேட் போட்டு மூடிவிடுவார்கள், ஆப்புக்கு அது தெரிய வேண்டும் என்றில்லை. காட்டுத்துறை எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்று இலவச வரைபடம் வெளியிடுகிறது. சிக்னல் இருக்கும்போதே அதை போனில் இறக்கிவையுங்கள். முகாம் பதிவு செய்யும்போது வண்டி நீளத்தையும் பாருங்கள். மலைமேல் பல இடங்களில் 22 அடிதான் எல்லை, 28 அடி வண்டியோடு போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.